பின்னிருக்கை படுக்கையறை அன்று!



பள்ளி விடுமுறை தொடங்கினால் போதும், நம்மவர் வீட்டு மகிழுந்துகள் புதுக்கோலம் பூண்டுவிடும். கால் வைக்கும் பள்ளத்தில் துணிமூட்டைகளை அடைத்துப் பின்னிருக்கையோடு சமதளமாக்குவார்கள். அதன்மேல் மெத்தை, மெத்தையின்மேல் போர்வை, இரண்டு தலையணை. பிள்ளைகள் ஏறிப் படுத்துக்கொள்வார்கள். ஜொகூர் பாருவில் புறப்பட்ட வண்டி ஈப்போவோ பினாங்கோ சென்று சேரும்வரை ‘தொல்லை’ இல்லை என்று பெற்றோர் மகிழ்வார்கள். வீட்டுமெத்தை பெரிதாக இருக்கிறதே என்று தயங்குவோருக்காகக் காற்றடைத்து விரிக்கும் மெத்தையும் இணையக் கடைகளில் வந்துவிட்டது.

இதற்குச் சொகுசு என்று பெயர் சூட்டியிருக்கிறோம். அந்தச் சொகுசு மெத்தைக்கு அடியில் என்ன புதைந்து கிடக்கிறது என்று எவரேனும் எண்ணிப் பார்த்தோமா? மூன்று இருக்கை வார்களின் பூட்டுகள் புதைந்து கிடக்கின்றன. சீட் பெல்ட் என்று நாம் அன்றாடம் சொல்லும் அந்த வாரை, அணிய விரும்பும் பிள்ளையும் அணிய முடியாதபடி நம் கையாலேயே மூடி மறைத்துவிட்டோம். பிள்ளையின் உயிரைக் காக்கவென்று தொழிற்சாலை வைத்துக் கொடுத்த ஒன்றைப் பிள்ளையின் உறக்கத்திற்காகப் புதைக்கின்ற இந்த வழக்கத்தைத்தான் நான் இங்கே கண்டிக்க வருகிறேன்.

கைவேலை மீது எனக்குப் பகையில்லை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். வண்டியின் உட்புறத்தை நம் கையாலேயே வசதியாக்கிக் கொள்வது நல்ல பழக்கம். ஜொகூர் வெயிலில் நிறுத்திவைத்த வண்டிக்குள் ஏறுவது அடுப்புக்குள் ஏறுவதைப் போன்றது. காலையும் மாலையும் பாலத்து நெரிசலில் சிங்கப்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும் தொழிலாளரின் முதுகு படும் பாடு அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் வசதி தேடுவதில் என்ன பிழை? அதுவும் கடைக்காரரின் ஆயிரம் வெள்ளிப் பொருளை நாடாமல், வீட்டில் கிடப்பதைக் கொண்டு செய்து கொள்வது பாராட்டத்தக்கது. ஐந்து எளிய வழிகளைச் சொல்கிறேன்.

1. வெயில் மறைப்பு. கண்ணாடியின் ஊடே நுழையும் ஒளி, கறுப்பு முகப்புப் பலகையில் பட்டு வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பக் கதிரைக் கண்ணாடி எளிதில் வெளியே விடுவதில்லை. எனவே ஒளியைக் கண்ணாடி அருகிலேயே தடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பழைய அட்டைப்பெட்டியை முன்கண்ணாடி அளவுக்கு வெட்டி, சமையலறை அலுமினியத் தாளை ஒருபுறம் ஒட்டி, பளபளப்பான பக்கம் வெளியே தெரியுமாறு வையுங்கள். வண்டியை எடுக்கும்போது மறவாமல் எடுத்து மடித்து வைத்து விடுங்கள்.

2. காற்றை மாற்றுதல். ஏறியவுடன் குளிரூட்டியை முழுவேகத்தில் முடுக்கி, கண்ணாடிகளை மூடிக்கொண்டு, கொதிக்கும் காற்றையே குளிரவைக்கப் போராட வேண்டியதில்லை. ஒருபக்கக் கண்ணாடியை இறக்கி, எதிர்ப்பக்கக் கதவை நான்கைந்து முறை விசிறிபோல் திறந்து மூடுங்கள். சூடான காற்று வெளியேறிவிடும். பிறகு ஓரிரு நிமிடம் கண்ணாடி திறந்தபடி ஓட்டி, அதன்பின் மூடுங்கள்.

3. வடிகட்டி. பல வண்டிகளில் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் காற்று வடிகட்டி ஒன்று இருக்கும். அது தூசியால் அடைபட்டால் குளிர்காற்று வலுவிழக்கும், நாற்றமும் வரும். பெரும்பாலான வண்டிகளில் இதை நாமே கழற்றி மாற்றலாம்.

4. முதுகுத் தாங்கல். ஒரு துவாலையைச் சுருட்டி, இரண்டு முனையையும் கட்டி, இடுப்புக்குச் சற்று மேலே முதுகு உள்வளையும் இடத்தில் வைத்துப் பாருங்கள். நூறு வெள்ளித் தலையணை தராத ஆறுதலை அது தரக்கூடும்.

5. மணமும் ஒழுங்கும். ஒரு கட்டு பாண்டான் இலையை இருக்கைக்கு அடியில் வைப்பது இந்நாட்டார் நெடுநாளாய் அறிந்த வழி. பழைய சாரோங்கில் பைகள் தைத்து முன்னிருக்கையின் முதுகில் கட்டினால் பிள்ளைகளின் புத்தகம், தண்ணீர்ப்புட்டி, மெல்லிழைத்தாள் யாவும் அதனுள் அடங்கும். தரையில் உருளும் பொருள் குறையும்.

இவற்றில் எதுவும் எவரையும் கொல்லாது. ஏனெனில் இவற்றில் எதுவும் நான்கு இடங்களில் குறுக்கிடவில்லை. அந்த நான்கு இடங்களைத்தான் நாம் மனத்தில் பதிய வைக்க வேண்டும்.

நான்கு எல்லைகள்

உடலுக்கும் வாருக்கும் இடையில், பாதத்துக்கும் மிதிக்கட்டைக்கும் இடையில், கண்ணுக்கும் சாலைக்கும் இடையில், ஆளுக்கும் காற்றுப்பைக்கும் இடையில் நாம் செய்த எந்தப் பொருளும் நுழையக்கூடாது. இவ்வளவுதான் விதி. வண்டிக்குள் எதை வைப்பதற்கு முன்பும் இந்நான்கையும் கேட்டுப் பாருங்கள்.

முதல் எல்லை: உடலும் வாரும்

மூன்று முனைகளில் பொருத்தப்படும் இன்றைய வாரை 1959-ஆம் ஆண்டு சுவீடனின் வோல்வோ நிறுவனத்தில் பணியாற்றிய நீல்ஸ் போலின் உருவாக்கினார். மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று அந்நிறுவனம் அதன் காப்புரிமையைத் திறந்துவிட்டது. உடலின் வலுவான எலும்புகளான இடுப்பெலும்பும் தோளெலும்பும் மார்புக்கூடும் மோதலின் விசையைத் தாங்கட்டும். மென்மையான வயிறு தப்பட்டும் என்பதே அதன் அடிப்படை. வார் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தால்தான் அது காக்கும்.

மெத்தையில் படுத்திருக்கும் பிள்ளைக்கு வாரே இல்லை. வழுக்கும் தடித்த தலையணைமேல் அமர்ந்தவருக்கு வார் இருந்தும் பயன் குறைவு. மோதலின்போது தலையணை நசுங்கி முன்னால் சரிய, உடல் வாருக்கு அடியில் நழுவ, வார் இடுப்பிலிருந்து வயிற்றுக்கு ஏறிவிடும். இருக்கையை ஏறக்குறையப் படுக்கையாகச் சாய்த்துக்கொண்டு உறங்குபவருக்கும் இதே கதிதான். கழுத்தை உரசுகிறதே என்று வாரை அக்குளுக்குக் கீழே விடுபவர், தோள் தாங்கவேண்டிய விசையை விலா எலும்புகளிடம் ஒப்படைக்கிறார். கதவருகே தூணில் வாரின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு பல வண்டிகளில் உண்டு. அதைப் பயன்படுத்தினால் உரசல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இவற்றையெல்லாம் மிஞ்சிய மடமை ஒன்று உண்டு. வாரின் நாக்குப் பகுதியை மட்டும் தனியே செய்து விற்கிறார்கள். அதைப் பூட்டில் செருகினால் வண்டியின் எச்சரிக்கை ஒலி அடங்கிவிடுமாம். காது வசதியாக இருக்கவேண்டும் என்பதற்காக உயிரை ஏமாற்றும் கருவி அது. வேறென்ன சொல்வது?

விசையைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். அதாவது மூன்று மாடி உயரம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். வேகம் இருமடங்கைச் சற்றே தாண்டுகிறது. உயரமோ 10 மீட்டரிலிருந்து ஏறத்தாழ 48 மீட்டராகிறது. பதினைந்து மாடி! ஒரு மெத்தை விரித்திருக்கிறோம் என்பதற்காகப் பதினைந்தாம் மாடியின் கைப்பிடிச் சுவர்மேல் பிள்ளையை உறங்க வைப்போமா?

“மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொள்வேன்” என்பார்கள் தாய்மார்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓடும் வண்டி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுபோனால், 10 கிலோ எடையுள்ள குழந்தை தாயின் கைகளை ஏறத்தாழ 140 கிலோ எடையின் விசையோடு இழுக்கும். தாயன்பு பெரிதுதான், ஆனால் எந்தத் தாயின் கைக்கும் அந்த வலு இல்லை. மேலும், பின்னால் வார் அணியாதவர் தாம் மட்டும் அடிபடுவதில்லை. முன்னால் வார் அணிந்து அமர்ந்திருப்பவரையும் பின்னிருந்து மோதி நசுக்குகிறார். பின்னிருக்கை மெத்தையின் விலையை ஓட்டுநரும் செலுத்த நேரலாம்.

இரண்டாம் எல்லை: பாதமும் மிதிக்கட்டையும்

தரைவிரிப்பின்மேல் இரப்பர் விரிப்பு, அதன்மேல் மழைக்காலத்தில் பழைய நாளிதழ், வண்டி கழுவும் கடையில் போட்டுக் கொடுத்த தாள் வேறு. எல்லாம் அழுக்குப் படாமல் இருக்கத்தான். ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாய் நழுவும் விரிப்புகள் மிதிக்கட்டைக்குக் கீழே போய்ச் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்?

2009 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ நகருக்கு அருகில் லெக்சஸ் வண்டி ஒன்று கட்டுப்பாடின்றிப் பாய்ந்து விபத்துக்குள்ளாகி நான்கு பேர் உயிரிழந்தனர். ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி. வண்டி ஓட்டத் தெரியாதவர் என்று எவரும் சொல்ல முடியாது. வேறொரு மாதிரி வண்டிக்குரிய விரிப்பு அதில் போடப்பட்டிருந்தது. அதில் முடுக்கி மிதிக்கட்டை சிக்கிக்கொண்டது என்று ஆய்வில் தெரியவந்தது. அதன் தொடர்ச்சியாக டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் இலட்சக்கணக்கான வண்டிகளின் விரிப்புகள் குறித்து மீட்பு நடவடிக்கை எடுக்க நேர்ந்தது. ஆகவே, ஓட்டுநர் பக்கத்தில் ஒரே விரிப்பு. அந்த வண்டிக்குரிய அளவு. தரைக் கொக்கியில் மாட்டப்பட்டது. இரண்டாவது விரிப்பு வேண்டவே வேண்டாம்.

மூன்றாம் எல்லை: கண்ணும் சாலையும்

கறுப்புத்தாள் ஒட்டுவதில் நம்மவருக்குத் தனி ஆர்வம். 2019 மே 8 முதல் நடப்பிலிருக்கும் விதிப்படி, முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியையும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் குறைந்தது 50 விழுக்காடு ஒளியையும் உள்ளே விடவேண்டும். பின்பக்கக் கண்ணாடிகளுக்கு இக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. முன்னால் மட்டும் ஏன் இந்தக் கறார்? மழையிரவில் தெருவிளக்கில்லாத எஸ்டேட் சாலையில், கறுப்புச் சட்டை அணிந்து மிதிவண்டியில் வரும் ஒருவரை எண்ணிப் பாருங்கள், விடை கிடைக்கும். நடுக்கண்ணாடியில் தொங்கும் மாலையும் பொம்மையும் இவ்வாறே. பிள்ளைகள் அமரும் பின்பக்கத்தில் வலைத்துணி மறைப்பைத் தாராளமாகக் கட்டுங்கள்.

நான்காம் எல்லை: ஆளும் காற்றுப்பையும்

முகப்புப் பலகையில் பயணியின் எதிரே ‘ஏர்பேக்’ என்று பொறித்திருக்கும் இடத்தில்தான் பலர் பிள்ளையாரை ஒட்டிவைக்கிறார்கள். இறைவனை அகற்றச் சொல்லவில்லை. இடத்தை மாற்றச் சொல்கிறேன். கண் இமைக்கும் நேரத்திற்குள் வெடித்து விரியும் காற்றுப்பை, தன்மேல் இருக்கும் எதையும் பயணியின் முகத்தை நோக்கி வீசிவிடும். காப்பவரையே கல்லாக்கி எறியும் இடத்தில் வைப்பது பக்தியாகுமா? நடுப்பகுதியில், கண்ணை மறைக்காத சிறிய உருவம் போதுமே.

இருக்கை உறையிலும் இதே கவனம் தேவை. பல வண்டிகளில் பக்கவாட்டுக் காற்றுப்பை முன்னிருக்கையின் முதுகு ஓரத்திற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். தையலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். அதன்மேல் தடித்த உறையை இழுத்துக் கட்டினால் அதன் வழி அடைபடும். வண்டியோடு வரும் கையேடுகளே இதை எச்சரிக்கின்றன. அமரும் பகுதிக்கு மட்டும் பருத்தித்துணி விரிப்பது போதும்.

வீட்டில் செய்யக்கூடாத ஒன்று

மற்றவற்றைக் கையால் செய்யலாம். பிள்ளையின் இருக்கையை மட்டும் செய்யக்கூடாது. தலையணையை அடுக்கி உயரமாக்குவதும், நெகிழிக் கூடையில் குழந்தையைக் கிடத்திப் பின்னிருக்கையில் வைப்பதும், இரண்டு பிள்ளைகளை ஒரே வாருக்குள் அடைப்பதும் ‘சமாளிப்பு’ என்ற பெயரில் நடக்கின்றன. வார் பெரியவர் உடலுக்காக அமைந்தது. ஏறத்தாழ 135 சென்டிமீட்டர் உயரத்தை எட்டாத பிள்ளைக்கு அது தோளில் படியாமல் கழுத்தில் படியும். இடுப்பில் படியாமல் வயிற்றில் படியும். மோதல் சோதனைகளைக் கடந்த குழந்தை இருக்கையோ உயர்த்தி இருக்கையோ அந்த இடைவெளியைச் சரிசெய்கிறது. ஒன்றாம் இரண்டாம் ஆண்டு மாணவர்களில் பெரும்பாலோர் இந்த உயரத்தை எட்டாதவர்களே என்பதை அவர்களை அன்றாடம் வரிசையில் நிறுத்திப் பார்க்கும் எனக்கு எவரும் சொல்லத் தேவையில்லை.

நம் நாட்டில் முன்னிருக்கை வார் 1979-இல் கட்டாயமானது. பின்னிருக்கைக்கு 2009 ஜனவரி 1 முதல். தனியார் வண்டிகளில் குழந்தை இருக்கை 2020 ஜனவரி 1 முதல். நாற்பது ஆண்டுகளில் சட்டம் முன்னிருக்கையிலிருந்து பிள்ளையிடம் வந்து சேர்ந்துவிட்டது. நாம் வந்து சேர்ந்தோமா?

எதிர்வாதங்களுக்கு விடை

“நாங்கள் எஸ்டேட் லாரியில் நின்றுகொண்டே பள்ளிக்குப் போனவர்கள். எங்களுக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. ஐயா, அன்று செம்மண் சாலையில் லாரி ஊர்ந்தது. இன்று நெடுஞ்சாலையில் வண்டி பறக்கிறது. மேலும், அன்று லாரியிலிருந்து விழுந்து மாண்டவர்கள் இன்று வந்து தம் கருத்தைச் சொல்ல முடியாது. பிழைத்தவர்கள் மட்டுமே பேசுகிறார்கள்.

“பிள்ளை உறங்க வேண்டாமா?” வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பப்பட்டு, தாத்தா பாட்டி வீட்டில் இறக்கிவிடப்பட்டு, அதன்பின் பெற்றோர் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகும் குடும்பங்கள் ஜொகூர் பாருவில் ஏராளம். அந்தப் பிள்ளைகள் வகுப்பில் கொட்டாவி விடுவதைப் பார்த்து வருந்துபவன் நான். ஆனால் பக்கவாட்டுத் தாங்கலுள்ள இருக்கையில் வார் அணிந்தே பிள்ளை நன்றாக உறங்கும். கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய துணிச்சுருள், மேலே ஒரு போர்வை. போர்வை வாருக்கு மேலேதான், கீழே அன்று. நெடும்பயணத்தில் மச்சாப், பாகோ போன்ற ஓய்விடங்களில் இறங்கிக் கைகால்களை நீட்டட்டும். அங்கே பிள்ளையை வண்டியிலேயே உறங்கவிட்டுப் பெரியவர்கள் மட்டும் இறங்கும் தவறு வேண்டாம். நிறுத்திய வண்டி அரைமணி நேரத்திற்குள் சூளையாகிவிடும், கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை.

“இருக்கை வாங்கப் பணமில்லை.” உண்மையிலேயே இல்லாதவர்களை நான் குறைசொல்ல மாட்டேன், அவர்களுக்கு உறவினரும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கைகொடுக்க வேண்டும். ஆனால் பளபளக்கும் சக்கர வளையத்துக்கும் அதிரும் ஒலிபெருக்கிக்கும் தோல் உறைக்கும் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, பிள்ளையின் இருக்கைக்கு மட்டும் கையை விரிப்பவரை என்னென்பது? இரவல் இருக்கை வாங்குவோர் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: அது ஏற்கெனவே விபத்தில் சிக்கியதா என்று. சிக்கியதென்றால் வேண்டாம்.

“பக்கத்தில்தானே, பள்ளிவரைதானே?” பள்ளிவாயிலுக்கு வரும் வழியிலும் மணிக்கு 50 கிலோமீட்டர் உண்டு, மூன்று மாடி உண்டு.

வேன் குறித்தும் ஒரு சொல். தோட்டங்கள் கலைந்து குடும்பங்கள் சிதறியபின் பல தமிழ்ப்பள்ளிகளுக்குப் பிள்ளைகள் வேனில்தான் வருகிறார்கள். அவற்றுள் சிலவற்றில் இருக்கைகளுக்கிடையே நெகிழி முக்காலிகளும் பலகைகளும் போடப்பட்டிருக்கும். அதுவும் ஒரு ‘கைவேலை வசதி’தான். பொருத்தப்படாத முக்காலியில் அமர்ந்த பிள்ளை பயணியல்லள், சுமை. குறைந்த கட்டணத்துக்காக நாம் கண்ணை மூடிக்கொண்டால், வேன்காரரை மட்டும் குற்றம் சொல்வதில் நேர்மையில்லை. ஒரு பெற்றோர் கேட்டால் மறுப்பார். பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால் முக்காலியை எடுத்துவிடுவார்.

பெற்றோர்களே, நிறைவாக ஒரு வேண்டுகோள். இன்று மாலை வண்டியின் பின்கதவைத் திறந்து, மெத்தையையும் மூட்டையையும் எடுத்துவிட்டு, இருக்கையின் மடிப்புக்குள் புதைந்து கிடக்கும் பூட்டுகளைக் கையால் தேடி வெளியே எடுங்கள். ஒவ்வொன்றிலும் வாரைச் செருகிப் பாருங்கள். பூட்டும் ஒலி கேட்கிறதா, இழுத்தால் தாங்குகிறதா என்று பாருங்கள். பிள்ளைகளையும் உடன் நிறுத்திச் செய்யச் சொல்லுங்கள். அதன்பிறகு பாண்டான் இலை வையுங்கள், சாரோங்குப் பை தையுங்கள், அட்டை மறைப்புச் செய்யுங்கள். காப்பு முதலில், சொகுசு அதன் பின்னால்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!